மடிக்கணினியில் வைஃபை: இயக்கும் முறையும், அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழியும்

"வைஃபை வரவில்லை" என்று நாம் சொல்லும்போது அது மூன்று வெவ்வேறு பழுதுகளில் ஒன்றாக இருக்கலாம். மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை இயங்காமல் இருக்கலாம். அட்டை நன்றாக இருந்தும் அதற்கும் ரவுட்டருக்கும் இடையே தொடர்பு ஏற்படாமல் போகலாம். தொடர்பு ஏற்பட்டும் ரவுட்டருக்கு அப்பால் இணையம் இல்லாமல் இருக்கலாம். இவற்றில் எது என்று தெரியாமலேயே டிரைவரை (அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை) அழிப்பது, ரவுட்டரை ஆதிநிலைக்குக் கொண்டுபோவது, கடைசியில் விண்டோஸையே மீண்டும் நிறுவுவது என்று இறங்குபவர்கள் பலர். அதனால் சிறிய பழுது பெரிய பழுதாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிமுறையை அறிகுறிகளின்படி பிரித்து எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டும் இதில் அடங்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். அது பயன் தந்ததா என்று பார்த்துவிட்டு, தராவிட்டால் அதைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, அதன் பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

பழுது எந்தப் பக்கம் என்று பிரித்தறிதல்

எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்து, அதிலுள்ள மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அண்மையில் திறக்காத ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைப்பது மிக முக்கியம். வைஃபையில் இணையம் இல்லையென்றால் இன்றைய கைப்பேசிகள் பலவும் நம்மிடம் சொல்லாமலேயே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வதால், "போனில் வருகிறது, லேப்டாப்பில்தான் வரவில்லை" என்ற தவறான முடிவுக்கு நாம் எளிதாக வந்துவிடுவோம்.

கைப்பேசியிலும் பக்கம் திறக்கவில்லையென்றால் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் அந்தப் பெட்டியின் முகப்பில் பான் என்றும் எல்.ஓ.எஸ். என்றும் இரண்டு விளக்குகள் இருக்கும். பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஒளியிழை வழியாக வர வேண்டிய சமிக்ஞை பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கலாம். பெட்டியின் பின்புறத்தில் கழன்றிருக்கலாம். மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கி மிகக் கூர்மையாக மடிந்திருக்கலாம். மடிப்பை மெதுவாக நேராக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, இணையச் சேவை தருபவரை அழைக்க வேண்டியதுதான். மடிக்கணினியில் எதை மாற்றினாலும் இது சரியாகாது. விளக்குகள் ஒழுங்காக இருந்தும் இணையம் இல்லையென்றால், ரவுட்டரின் மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் காத்திருந்து, மீண்டும் போட்டு, அது முழுமையாக எழுந்து வரச் சில நிமிடங்கள் கொடுங்கள்.

கைப்பேசியில் இணையம் வருகிறது, மடிக்கணினியில் மட்டும் வரவில்லை என்பது உறுதியானால் இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது. மொபைல் டேட்டாவை மீண்டும் போட்டு, கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியை அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் இணையம் வந்துவிட்டால் வைஃபை அட்டையும் டிரைவரும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. சிக்கல் இந்த மடிக்கணினிக்கும் அந்த ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் வராவிட்டால் சிக்கல் மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளையும் செய்து முடித்தவருக்குக் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்க வேண்டிய தேவையே இராது.

வைஃபையை இயக்கி இணைக்கும் முறை

விண்டோஸ் 11-இல் திரையின் வலது கீழ் மூலையில் வலையமைப்பு, ஒலி, பேட்டரி ஆகியவற்றின் சின்னங்கள் சேர்ந்திருக்கும் இடத்தைச் சொடுக்குங்கள். அல்லது விண்டோஸ் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சிறு பலகையில் வைஃபை பொத்தான் இருக்கும். அதன் இடது பாதியை அழுத்தினால் வைஃபை இயங்கும் அல்லது அணையும். பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் அருகிலுள்ள வைஃபை பெயர்களின் பட்டியல் விரியும். விண்டோஸ் 10-இல் அதே மூலையிலுள்ள பூமிப்பந்து அல்லது வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் பட்டியலும் பொத்தானும் ஒன்றாகவே தெரியும். உங்கள் வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற கட்டத்தைக் குறித்து, கடவுச்சொல்லை இட்டு இணையுங்கள்.

வீட்டு வைஃபைகளின் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே கொள்ளப்படும். தட்டச்சிடும்போது கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் சின்னத்தை அழுத்திப் பிடித்து, என்ன விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகே கடவுச்சொல்லை இட வேண்டும். எளிய செய்திதான், ஆனால் தமிழில் தட்டச்சிடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

அறிகுறி: வைஃபை பொத்தான் இருக்கிறது, ஆனால் இயங்க மறுக்கிறது

முதலில் விமானப் பயன்முறை, அதாவது ஏரோப்ளேன் மோடு, அணைந்திருக்கிறதா என்று அதே பலகையில் பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையிலும் அதற்கான விசை இருக்கும். விமானப் படமோ, அலை வீசும் கோபுரப் படமோ பொறித்த விசையைத் தேடுங்கள். எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் அது எஃப்12. ஏசர், ஏசூஸ், லெனோவோ ஆகியவற்றில் மாடலுக்கு மாடல் மாறும். அந்த விசையைத் தனியாக அழுத்திப் பயனில்லையென்றால் எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்துங்கள். தூசி துடைக்கும்போதோ, குழந்தைகள் விளையாடும்போதோ இந்த விசை அழுந்திவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

சற்றுப் பழைய மாடல்களில் உடலின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ ஒரு சிறிய தள்ளுசுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் விண்டோஸுக்குள் எதைச் செய்தாலும் வைஃபை எழாது. ஆகவே பழைய மடிக்கணினியைக் கையில் எடுத்தவுடன் நான்கு விளிம்புகளையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

அறிகுறி: வைஃபை பொத்தானே காணவில்லை

பயனரை மிகவும் பதற வைப்பது இதுதான். நேற்றுவரை இருந்த வைஃபை இன்று பட்டியலிலேயே இல்லை. பலகையில் விமானப் பயன்முறை மட்டும் நிற்கிறது. அட்டை எரிந்துபோய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது பாதி உறக்கத்தில் சிக்கிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 8 தொடங்கி, நாம் கணினியை 'ஷட் டவுன்' செய்யும்போது அது முழுமையாக அணைவதில்லை. விரைவாக எழுவதற்காக இயங்குதளத்தின் கருப்பகுதியின் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வைஃபை டிரைவர் குழம்பியிருந்தால் அதே குழப்பம் நாள்தோறும் திரும்பி வரும். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தீராது. 'ரீஸ்டார்ட்' செய்தால் இயங்குதளம் புதிதாக ஏற்றப்படும். ஆகவே முதல் வேலை ரீஸ்டார்ட். அதிலும் சரியாகாவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து முழுமையாக அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரியைக் கழற்றக்கூடிய மாடலாக இருந்தால் அதையும் கழற்றுங்கள், பவர் பொத்தானைச் சுமார் 30 விநாடிகள் அழுத்திப் பிடித்திருந்து விடுங்கள், பிறகு எல்லாவற்றையும் மாட்டி இயக்குங்கள். மடிக்கணினியின் தாய்ப்பலகையில் (உள்ளிருக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகையில்) தேங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்து, அட்டை முதலிலிருந்து தொடங்கும். திடீரென்று காணாமற்போன அட்டைகள் பல இந்த ஒரு செயலிலேயே திரும்பி வந்துவிடும் என்பதால், டிரைவரில் கை வைக்கும் முன் இதைச் செய்யாமல் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

அப்படியும் வரவில்லையென்றால் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற பிரிவை விரியுங்கள். அங்கே இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் போன்ற நிறுவனப் பெயர்களில் ஒன்றோடு, வயர்லெஸ் என்றோ வைஃபை என்றோ ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த அடி.

சின்னத்தின் மேல் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி இருந்தால் அட்டை முடக்கப்பட்டிருக்கிறது. வலது சொடுக்கில் 'எனேபிள் டிவைஸ்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் வரியை இருமுறை சொடுக்கி, உள்ளே தெரியும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. எண் 10 என்றால் அட்டையைத் தொடங்க முடியவில்லை. எண் 43 என்றால் அட்டை பழுதை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. எண் 10, எண் 43 ஆகிய இரண்டுக்கும் மேலே சொன்ன 30 விநாடிச் செயலே முதல் மருந்து. அதன் பிறகுதான் டிரைவர். அண்மையில் விண்டோஸ் புதுப்பிப்பு வந்த பின்னர் இந்தச் சிக்கல் தொடங்கியிருந்தால், அதே சாளரத்தின் 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

அது இல்லையென்றால் வரியை வலது சொடுக்கி 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். அப்போது டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். கையில் மாற்று டிரைவர் இல்லாத நிலையில் அந்தக் கட்டத்தைக் குறிக்கவே கூடாது. பிறகு மேல் பட்டியிலுள்ள 'ஆக்‌ஷன்' பட்டியலில் 'ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்' கொடுத்தால் அட்டை மீண்டும் கண்டறியப்பட்டு, இருக்கும் டிரைவரே புதிதாக ஏற்றப்படும்.

வரியே இல்லையென்றால் 'வியூ' பட்டியலில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைக் குறியுங்கள். அட்டையின் பெயர் மங்கலாகத் தெரிந்தால், அது முன்பு இருந்ததை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் இப்போது அதன் கண்ணுக்கு அட்டை படவில்லை. இங்கே டிரைவரைத் தேடி அலைவதில் பயனில்லை. பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரலின் அமைப்பில்) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அட்டை அதன் பொருத்துவாயில் தளர்ந்திருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கு வாருங்கள்.

விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு உண்டு: வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும், டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால் விண்டோஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பொதுவாகத் தனி டிரைவர் எதுவும் வேண்டியதில்லை. அதன் வழியாக விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். அல்லது மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றோடு வேண்டாத நிரல்களும் உள்ளே வந்துவிடக்கூடும்.

அரிதாக அட்டையும் டிரைவரும் சரியாக இருந்தும் பட்டியல் வராது. அப்போது 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, அதில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற சேவை ஓடுகிறதா, அதன் தொடக்க வகை ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்கள் சில நேரங்களில் இதை நிறுத்திவிடும்.

அறிகுறி: பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம் வீட்டுடையது தெரியவில்லை

அட்டை உயிரோடு இருக்கிறது. அதற்கு உங்கள் ரவுட்டரின் குரல் மட்டும் கேட்கவில்லை. இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. பழைய அல்லது விலை குறைந்த மடிக்கணினிகளின் அட்டைக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் இயக்கத்தில் இருந்தாலோ, நீங்கள் தேடும் பெயர் 5ஜி என்று முடியும் இரண்டாவது பெயராக இருந்தாலோ, அந்த மடிக்கணினியில் அது ஒருபோதும் தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (அதைத் திறக்கும் முறை கீழே 'நோ இன்டர்நெட்' பகுதியில் இருக்கிறது) 2.4-ஐ இயக்கிவிட்டால் தீர்ந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த மடிக்கணினிக்கு வேறொரு காரணம் உண்டு. இந்தியாவில் 2.4 அலைவரிசையின் 1 முதல் 13 வரையுள்ள சேனல்களை, அதாவது அதன் உட்பிரிவுகளை, ரவுட்டர்கள் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கமாக 11-ஆவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அமெரிக்கச் சந்தைக்காக அமைக்கப்பட்ட அட்டை, 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கும் ரவுட்டரைக் காணாமலே போகலாம். உறவினர் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினியில், ஊரில் எல்லார் வைஃபையும் தெரிந்து நம்முடையது மட்டும் சில நாள் தெரிந்தும் சில நாள் தெரியாமலும் இருந்தால், ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றிக்கொள்வதுதான் காரணமா என்று பாருங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்திவிட்டால் இது வராது. இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் வேகத்துக்கும் அவையே நல்லவை.

புதிய ரவுட்டரை வாங்கிய நாளிலிருந்து இந்த அறிகுறி தொடங்கியிருந்தால் வைஃபை 6 என்ற வைஃபைத் தலைமுறையைச் சந்தேகியுங்கள். இன்டெல் நிறுவனத்தின் முந்தைய தலைமுறை அட்டைகள் சிலவற்றில் பழைய டிரைவர் இருக்கும்போது, வைஃபை 6 இயக்கத்திலுள்ள ரவுட்டரின் பெயர் பட்டியலில் தெரியவே தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும். அதுவரை ரவுட்டரில் வைஃபை 6-ஐத் தற்காலிகமாக அணைத்து வைக்கலாம்.

அறிகுறி: கடவுச்சொல் சரி, ஆனால் இணைய மறுக்கிறது

ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, மடிக்கணினி பழையதையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பது மிகுதியாகக் காணப்படும் காரணம். 'செட்டிங்ஸ்' திறந்து 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்', அதற்குள் 'வைஃபை', அதற்குள் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' சென்று, உங்கள் வைஃபையின் பெயருக்கு எதிரே 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, புதிதாக இணைத்துப் பாருங்கள்.

அதிலும் ஆகவில்லையென்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய அட்டைகளால் இணைய முடியாது. விண்டோஸ் 10-இலும் 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் அதற்கு ஆதரவு இருக்கிறது. டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து விடுவதும், டபிள்யூ.இ.பி. என்ற காலாவதியான முறைக்குப் போவதும் தீர்வல்ல.

ரவுட்டரில் யாராவது மேக் முகவரி (ஒவ்வொரு வைஃபை அட்டைக்கும் உரிய அடையாள எண்) வடிகட்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படி இருந்தால், விண்டோஸின் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்' என்ற வசதி இயக்கத்தில் இருக்கும் மடிக்கணினி வேறு முகவரியோடு வந்து நிற்பதால் உள்ளே விடப்படாது.

அறிகுறி: இணைந்திருக்கிறது, ஆனால் 'நோ இன்டர்நெட்' என்கிறது

கைப்பேசியில் இணையம் இருக்கிறது என்று முன்பே உறுதி செய்துவிட்டோம். ஆகவே மடிக்கணினி ரவுட்டர் வரை போய்ச் சேர்கிறதா என்பதே இப்போதைய கேள்வி. வைஃபை அமைப்பில் இணைந்திருக்கும் பெயரின் 'பிராப்பர்டீஸ்' பக்கத்தைத் திறந்து கீழே சென்றால் ஐ.பி.வி.4 முகவரி என்ற வரி இருக்கும்.

அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் இந்த மடிக்கணினிக்கு முகவரியே கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போடுவது இங்கே உண்மையிலேயே பயன் தரும். அதே பக்கத்தில் 'ஐ.பி. அசைன்மென்ட்' என்பது ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு தேவைக்காக யாராவது நிலையான முகவரியை இட்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் அதே அமைப்பு இணையத்தைத் தடுக்கும். அப்போது முகவரி 169.254 என்று இராமல், வீட்டு ரவுட்டரின் முகவரியோடு பொருந்தாத வேறு ஏதோ எண்ணாக இருக்கும்.

முகவரி 192.168 என்பது போல ஒழுங்காக இருந்தால் உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் ரவுட்டரின் எண்ணை இடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அச்சிட்டிருப்பார்கள். ரவுட்டரின் நுழைவுப் பக்கம் திறந்துவிட்டால் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே எந்தக் குறையும் இல்லை. கட்டளை எதையும் தட்டச்சிடத் தெரியாதவரும் செய்யக்கூடிய இந்தச் சோதனை, டிரைவர், அட்டை, கடவுச்சொல், தொலைவு ஆகிய எல்லாச் சந்தேகங்களையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுகிறது. அதன் பிறகு பார்க்க வேண்டியவை மடிக்கணினியின் மென்பொருள் பக்கத்தில்தான்.

உலாவியின் பிழைச் செய்தியில் டி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை பதில் சொல்லவில்லை. வைஃபை அடாப்டரின் அமைப்பில், 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4' என்பதன் உள்ளே, கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டையும் முதல், இரண்டாம் சேவையகங்களாக இடுங்கள். விண்டோஸ் 11-இல் வைஃபையின் 'ஹார்ட்வேர் பிராப்பர்டீஸ்' பக்கத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

அடுத்து 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்' பகுதியில் 'பிராக்சி' (இணையத்துக்கு இடையில் நிற்கும் சேவையகம்) என்பதைத் திறந்து, கைமுறை பிராக்சி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் இடாத ஒரு முகவரி அங்கே இருந்தால் அதை அணைப்பதோடு, தீநிரல் சோதனை ஒன்றையும் ஓட விட வேண்டும். வி.பி.என். மென்பொருள் (இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக மறைத்து அனுப்புவது) இருந்தால் அதைத் துண்டியுங்கள், சிலவற்றில், வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் பாதுகாப்பு இருப்பதால், மென்பொருளைத் திறந்து அந்த வசதியையும் அணைக்க வேண்டியிருக்கும். காலக்கெடு முடிந்த ஆன்டிவைரஸும் தன் வடிகட்டியை வழியிலேயே விட்டுவிடுவது உண்டு.

எல்லாத் தளங்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று சொன்னால் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிறிய நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோன பழைய மடிக்கணினிகள், சார்ஜ் முழுதும் இறங்கி மீண்டும் எழும்போது பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதிக்குச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிவதால் உலாவி எதையும் திறக்காது. தேதியைச் சரிசெய்து, பேட்டரியையும் மாற்றுங்கள்.

விடுதி, ரயில் நிலையம், கல்லூரி ஆகிய இடங்களில் 'நோ இன்டர்நெட்' என்று வந்தால் அது பெரும்பாலும் பழுதே இல்லை. கைப்பேசி எண்ணையோ அறை எண்ணையோ கேட்கும் நுழைவுப் பக்கம் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். வி.பி.என்.-ஐயும், நாமே இட்ட டி.என்.எஸ். எண்களையும் நீக்கிவிட்டு, உலாவியில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் வரும். மூலையில் தெரியும் அந்தச் சின்னத்தையும் முழுதாக நம்ப வேண்டாம்: மைக்ரோசாஃப்டின் ஒரு குறிப்பிட்ட பக்கம் திறக்கிறதா என்று பார்த்தே விண்டோஸ் அதைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு பக்கம் தடைபட்டாலும் மற்ற தளங்கள் நன்றாகத் திறக்கக்கூடும்.

அறிகுறி: அடிக்கடி அறுந்துபோகிறது, அல்லது மிக மெதுவாக இருக்கிறது

பேட்டரியில் ஓடும்போது மட்டும், அல்லது மூடித் திறந்த பிறகு மட்டும் அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் அட்டையின் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் கட்டத்திலுள்ள குறியை நீக்குங்கள். எல்லா மடிக்கணினியிலும் இந்தத் தாவல் இராது.

இடத்தைப் பொறுத்து வேகம் மாறினால் காரணம் வீட்டின் அமைப்பு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் மெலிந்துவிடும், 2.4 வேகம் குறைந்தது, ஆனால் தொலைவு போகும். ரவுட்டர் உள்ள அறையிலும் அடுத்த அறையிலும் 5-ஐயும், கான்கிரீட் தளம் தாண்டிய மாடியில் 2.4-ஐயும் பயன்படுத்துவது நல்லது. இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, தொலைக்காட்சிக்கு அடியில் மூடிய பெட்டிக்குள்ளோ ரவுட்டரை வைத்துவிட்டு மடிக்கணினியைக் குறை சொல்வதில் பொருளில்லை. உலோகம் வைஃபை அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். ரவுட்டரைத் தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள்.

2.4 அலைவரிசையில் மட்டும் தடுமாற்றம் இருந்தால் மேசையைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 3.0 வன்வட்டுகளும் அவற்றின் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் 2012-இலேயே ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. வன்வட்டைப் பிடுங்கியவுடன் வைஃபை சீரானால் காரணம் அதுதான். சற்று நீளமான, நல்ல உறையிட்ட கேபிளால் அதை மடிக்கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகே இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்களுக்கு மட்டும் அறுந்துபோவதும் இயல்பே.

எதற்கும் மசியாத நிலையில்

விண்டோஸ் 11-இல் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்', 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' வழியாகவும், விண்டோஸ் 10-இல் அதே பகுதியின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் வழியாகவும் 'நெட்வொர்க் ரீசெட்' என்ற வசதியை அடையலாம். இது எல்லா வலையமைப்பு அட்டைகளையும் நீக்கி மீண்டும் நிறுவி, அமைப்புகளை ஆதிநிலைக்குக் கொண்டுவரும். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் அழியும், வி.பி.என். மென்பொருளை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கலாம். கடவுச்சொல் கையில் இல்லாதவர் முதலில் அதைக் குறித்துக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இதற்கும் பிறகு அட்டை வராவிட்டால், யாரிடமாவது ஒரு யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டரை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் விண்டோஸில் குறை இல்லை, உள்ளிருக்கும் அட்டைதான் பழுது. அதே அடாப்டரை வாங்கி நிரந்தரமாகப் பயன்படுத்துவதும் நல்ல தீர்வுதான். உள்ளே மாற்றுவதென்றால் முதலில் அட்டை தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கழற்றக்கூடியதாக இருந்தாலும் எல்லா அட்டையும் எல்லாவற்றிலும் பொருந்தாது. இன்டெல்லின் ஏ.எக்ஸ்.201, ஏ.எக்ஸ்.211 ஆகியவை அதற்கென அமைந்த இன்டெல் செயலியுள்ள பலகைகளில் மட்டுமே ஓடும், ஏ.எம்.டி. செயலியுள்ள மடிக்கணினிக்கு ஏ.எக்ஸ்.200 அல்லது ஏ.எக்ஸ்.210 போன்றதைத்தான் கேட்க வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாத அட்டையைப் பயாஸ் ஏற்காது. அட்டையை மாற்றிய பிறகு சமிக்ஞை மிகவும் மெலிந்திருந்தால், திரையிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகளும் புதிய அட்டையின் முனைகளில் சொடுக்கென்று அமர்ந்திருக்கின்றனவா என்று, மூடியைத் திருகும் முன்பே கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.